உறைபனியில் வியர்த்தவர்

மலைக் கிராமமான கூக்காலில் மார்கழி பிறந்துவிட்டால் விடியும்போது புல் வெள்ளையாகக் கிடக்கும். ஏரிக்கரையில் தொடங்கிப் பூண்டுக்காடுகள் வரைக்கும் நிறம் என்று ஒன்று இருக்காது. வெயில் வந்து தொட்ட பிறகுதான் ஒவ்வொரு பாத்தியாகப் பச்சை திரும்பி வரும். அதுவரைக்கும் ஊரில் ஒருவரும் கதவைத் திறக்க மாட்டார்கள்.

அப்படியொரு காலையில், நான் குடியிருந்த வீட்டின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் அவர் நின்றுகொண்டிருந்தார். மேலே ஒரு பனியன், கீழே மடித்துக் கட்டிய வேட்டி. கம்பளி காலடியில் கிடந்தது. தோளிலிருந்தும் கழுத்திலிருந்தும் ஆவி எழுந்து பனிமூட்டத்தில் கலந்துகொண்டிருந்தது. அறுபத்தைந்து வயது மனிதர் அந்தக் குளிரில் வியர்த்து நிற்பதைப் பார்த்தபோது, நான் இன்னும் தூக்கத்திலிருந்து எழவில்லையோ என்று சந்தேகம் வந்தது.

நானும் சால்வையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு காற்றுக்காகத்தான் வெளியே வந்திருந்தேன். எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. முதுகெல்லாம் நனைந்திருந்தது.

அவர் என்னைப் பார்த்தார். வேறொருவராக இருந்தால் கம்பளியை எடுத்துக்கொண்டு நகர்ந்திருப்பார். அவர் நகரவில்லை.

"டீச்சர், ஒங்களுக்கும் உள்ளாற அடுப்பு பத்துதா?"

நான் உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். அன்று முழுக்கப் பள்ளிக்கூடத்தில் எனக்குக் காது சூடாகவே இருந்தது. ஒரு ஆண் ஒரு பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது?

மாற்றலாகி அந்த ஊருக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கணவருக்குப் பழனி அடிவாரத்தில் கடை. வாரக்கடைசியில் பஸ் பிடித்துப் போய், திங்கட்கிழமை திரும்பி வருவேன். தொட்டிக்கருகில் நின்ற அந்த மனிதரும் அவர் மனைவியும் தாங்கள் இருந்த வீட்டின் ஒரு பகுதியை எனக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன், அவர் அதிகம் பேச மாட்டார். அவரோ கேட்டுக்கொண்டே இருப்பார்.

அதுதான் அவர். கேள்வி கேட்காத அவரை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எதிரே வண்டியே வராத வளைவில் ஏன் ஹாரன் அடிக்கிறீர்கள் என்று பஸ் டிரைவரிடம் கேட்பார். விடியற்காலையில் வெள்ளனே பச்சைத்தண்ணீரை ஊற்றினால் சாமிக்குக் குளிராதா என்று ஊர்க் கோயில் பூசாரியிடம் கேட்கப்போய், அந்த மனிதர் மறுநாளிலிருந்து தண்ணீரை லேசாகச் சுடவைக்க ஆரம்பித்தார். என் கணவர் முதல்முறை வந்தபோது, நலம் விசாரித்து முடித்த கையோடு, "ரெண்டு பேரும் தனித்தனியா இருக்கீங்களே, ஏதும் சண்டையா?" என்று கேட்டார். அக்கா கண்ணால் அதட்டினால், "கேட்டா என்ன, நாக்கா தேஞ்சிரும்?" என்பார்.

நான் வளர்ந்த வீட்டில் கேட்பது மரியாதைக் குறைவு. என் அப்பா படுக்கையில் கிடந்த கடைசி ஆறு மாதமும் அவருக்கு என்ன நோய் என்று எங்களில் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவரும் கேட்கவில்லை. வந்து பார்த்தவர்களும் கேட்கவில்லை. எல்லோரும் மிக நாகரிகமாக நடந்துகொண்டோம்.

மறுநாள் நல்ல வெயிலில், அக்காவையும் கூட்டிக்கொண்டு, பீன்ஸ் பந்தலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"நேத்து நான் கேட்டது தப்புன்னு இவ சொல்றா. தப்புன்னா மன்னிச்சுக்கங்க. ஏன் கேட்டேன்னு சொல்லிர்றேன். எனக்குப் புத்துநோய் டீச்சர். ஆம்பளைங்களுக்கு மட்டும் வர்றது, புராஸ்டேட்டுங்கறாங்க. ஒண்ணுக்கு சரியாப் போகல, இடுப்பு வலின்னு போனேன். போறதுக்குள்ள அது எலும்புக்கு எறங்கிருச்சு. ஆம்பளச் சத்துதான் அதுக்கு எரை போடுதாம். அதனால ரெண்டு விதையவும் ஆபரேசன் பண்ணி எடுத்துட்டாங்க."

அக்கா தலையைக் குனிந்தபடி திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார். அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை.

"அதுலருந்து இப்பிடிப் பொசுக்குன்னு சூடேறுது. பொம்பளைகளுக்கு அம்பது வயசுல வர்றது மாதிரின்னு டாக்டர் சொன்னாரு. நீங்க தொட்டிகிட்ட நின்னதப் பாத்ததும், எம்புட்டு நேரம் நிக்கும், என்ன செஞ்சா அடங்கும்னு கேட்டுக்கலாம்னு தோணிச்சு. வேற யாரு இருக்கா இந்த ஊர்ல கேக்குறதுக்கு?"

அதுவரை என் உடம்பைப் பற்றி நான் கணவரிடம்கூடப் பேசியதில்லை. ஆனால் அவர் கேட்ட விதத்தில் வெட்கப்படுவதற்கு இடமில்லாமல் இருந்தது. உரம் வைக்கிற அளவைக் கேட்பதுபோலக் கேட்டார்.

"மூணு நாலு நிமிசம் இருக்கும்ணே. துணிய நனைச்சுக் கழுத்துல வச்சா சீக்கிரம் அடங்கிரும். காப்பி குடிச்சா ஜாஸ்தியாகும்."

"காப்பியா?" என்றார், அந்த நோயைப் பற்றிக் கேட்டதிலேயே அதுதான் மோசமான செய்தி என்பதுபோல.

அந்தக் குளிர்காலம் முழுக்க நாங்கள் அப்படி நின்றிருக்கிறோம். பத்தடி தள்ளித் தள்ளி, ஆளுக்கு ஒரு ஈரத்துணியோடு. எதிரே மலை இருக்காது, ஏரி இருக்காது. பனிக்குள்ளிருந்து எங்கோ ஒரு மாட்டின் மணிச்சத்தம் மட்டும் வரும். சில நாள் பேசுவோம், சில நாள் பேச மாட்டோம். இப்போது நினைத்தால், அந்தக் காலைகள் எத்தனை இருந்தன என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எல்லாம் சேர்ந்து ஒரே வெள்ளையாக, ஒரே நீண்ட காலையாக இருக்கிறது.

மதுரையில் அவர் வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரிக்கு நானும் ஒருமுறை அவர்களோடு போனேன். அரையாண்டு விடுமுறை. காகிதங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்ததால் அவர் கேட்டார், அக்காவும் தலையசைத்தார். கூக்காலிலிருந்து கொடைக்கானலுக்கே இரண்டு மணி நேரம், அங்கிருந்து இறங்கி மதுரை போய்ச் சேர மேலும் நான்கு. பூம்பாறை தாண்டுவதற்குள் மூன்று முறை பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். மூன்றாவது முறை, பின்சீட்டில் இருந்து யாரோ சிரித்தார்கள். அவர் யூக்கலிப்டஸ் மரங்களுக்கு இடையிலிருந்து நிதானமாகத் திரும்பி வந்து, படியில் நின்றபடி பஸ்ஸைப் பார்த்துப் பேசினார்.

"சிரிச்சது யாரு? நானும் ரெண்டு வருசம் இத அடக்கிக்கிட்டு வயசான கோளாறுன்னு இருந்தவன்தான். அம்பது தாண்டின ஆம்பளைக யாரெல்லாம் ராத்திரி மூணு தடவ எந்திரிக்கிறீங்க? ரத்தம் குடுத்துப் பாத்துருங்கப்பா. ஒரு ஊசி குத்துற நேரந்தான்."

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். கண்டக்டர் கடுகடுப்பான ஆள், விசில் கொடுத்தார், வண்டி கிளம்பியது. கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் நாங்கள் இறங்கியபோது அதே கண்டக்டர் பின்னாலேயே வந்து, பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, "அண்ணே, அந்த ரத்த டெஸ்டு பேரென்ன?" என்றார். தணிந்த குரலில். இவர் சத்தமாகவே சொன்னார். இரண்டு மாதம் கழித்து அந்தக் கண்டக்டர் தனக்கு வெறும் வீக்கம்தான், மாத்திரையில் சரியாகிவிடும் என்று பஸ்ஸை எங்கள் வீட்டுக்கு நேரே நிறுத்தி இறங்கி வந்து சொல்லிவிட்டுப் போனார்.

மதுரையில் டாக்டர் இளவயதுக்காரர். கம்ப்யூட்டரைப் பார்த்தபடி, ரத்தத்தில் நோயின் அளவைக் காட்டும் எண் இறங்கியிருக்கிறது, மாத்திரையை வெறும் வயிற்றில் நாலு நாலாகப் போட வேண்டும், எலும்புக்குத் தனியாக மருந்து ஏற்ற வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். இவர் எல்லாவற்றுக்கும் ஏன், எதனால் என்று கேட்டார். கடைசியில்,

"சார், ஒண்ணே ஒண்ணு. நான் இன்னும் எத்தன போகம் பூண்டு போடலாம்?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். நான் காகிதங்களை அடுக்குவதுபோல் குனிந்துகொண்டேன்.

"ஒரு போகம் எத்தனை மாசம்?"

"அஞ்சு."

டாக்டர் நாற்காலியை இவர் பக்கம் திருப்பினார். பிறகு, "இந்தப் போகம் தைரியமாப் போடுங்க. அடுத்ததுக்கு முன்னாடி வந்து என்கிட்ட கேளுங்க" என்றார்.

"அது நல்ல பதிலு" என்றார் இவர். வெளியே வந்ததும் என்னிடமும் ஒருமுறை சொன்னார், "நல்ல பதிலு டீச்சர். சுத்தி வளைக்கல."

ஒவ்வொரு நடவுக்கு முன்னாலும் அவர் மதுரைக்குப் போய் இதே கேள்வியைக் கேட்டார். ஒவ்வொரு முறையும் அதே பதில் கிடைத்தது. அப்படி ஏழு போகம் போட்டார்.

உடம்பு அவரை வேறு ஆளாக மாற்றிக்கொண்டிருந்தது. கன்னம் உப்பியது. மார்பு பெண்களுக்குப் போல லேசாகத் திரண்டு, சட்டை பட்டு வலித்தது. கொடைக்கானல் டெய்லரிடம் காரணத்தைச் சொல்லியே தொளதொளவென்று நாலு சட்டை தைத்து வந்தார். முன்பு ஒரு மூட்டை கேரட்டைத் தலையில் தூக்கி மேடு ஏறியவர், இப்போது பாதியில் உட்கார்ந்துகொள்வார். காரணமில்லாமல் அழுகையும் வந்தது. ஒருநாள் பூண்டுக் கட்டுகளைப் புகைமூட்டத்தில் தொங்கவிடும்போது, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பொகையாண்ணே?"

"இல்ல, அழுகதான். எதுக்குன்னு எனக்கே தெரியல. ஒங்களுக்கு இப்பிடி வருமா?"

"வரும்ணே."

"அப்ப சரி" என்று அடுத்த கட்டை எடுத்தார்.

இப்படி ஊரிலும் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் கேட்டுத் தீர்த்த மனிதர், ஒருநாள் தொட்டிக்கருகில் நெடுநேரம் பேசாமல் நின்றார். துணி கழுத்திலேயே இருந்தது. பனி ஏரியிலிருந்து மேலேறி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்துவிட்டது. அவர் குரல் மட்டும் கேட்டது.

"டீச்சர், நீங்க ஒரு சோலி பண்ணணும். இவளுக்கு எம்மேல கோவமான்னு கேட்டுச் சொல்லணும்."

"நீங்களே கேட்கலாமேண்ணே?"

"முடியல."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அதற்குமுன் நான் கேட்டதில்லை.

"ஆபரேசனுக்கு அப்பறம் நாங்க அண்ணன் தங்கச்சி மாதிரித்தான். அதப்பத்தி அவ ஒரு வார்த்தை பேசல. கஞ்சி குடுக்குறா, மாத்திரை குடுக்குறா, கால் அமுக்குறா. மொகத்தப் பாத்து ஒண்ணும் தெரியல. யாருகிட்ட வேணா கேட்டுருவேன். இவகிட்ட வாயத் தொறந்தா நாக்கு ஒட்டிக்கிருது."

நான் நான்கு நாள் தள்ளிப்போட்டேன். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவள் கேட்க வேண்டிய கேள்வியா இது? ஐந்தாம் நாள் மாலை அக்கா முற்றத்தில் விதைப்பூண்டைப் பல் பல்லாகப் பிரித்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தேன். அரைக்கூடை நிறைந்த பிறகு சொன்னேன்.

"அக்கா, ஒங்களுக்கு அவர் மேல கோவமான்னு அண்ணன் கேக்கச் சொன்னாரு."

அவர் கை நிற்கவில்லை. அடுத்த பூண்டை எடுத்து உடைத்தபடியே சொன்னார்.

"கோவந்தான்."

தோலை ஊதித் தள்ளிவிட்டுத் தொடர்ந்தார்.

"ஆஸ்பத்திரியில ரெண்டு வழி சொன்னாங்க. மூணு மாசத்துக்கு ஒருக்க ஊசி, இல்லாட்டி ஒரே தடவையா ஆபரேசன். இவரு பக்கத்துப் படுக்கைக்காரர்ட்ட கேட்டாரு. நர்சுகிட்ட கேட்டாரு. வாசல்ல நின்ன ஆட்டோக்காரர்ட்டகூடக் கேட்டாரு. நான் பக்கத்துலயேதான் பையி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எங்கிட்ட கேக்கல. கையெழுத்துப் போட்டுட்டு வந்து, வா காப்பி குடிப்போம்ங்கறாரு."

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்களாக்கா?"

"எதுக்கு வேணாங்கறேன்? மலையேறி எறங்கி ஊசிக்கு அலைய முடியாதுன்னு எனக்குத் தெரியாதா? போயி எடுத்துட்டு வாங்க, ஆளு இருந்தாப் போதும்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா அது அவருக்கு மட்டும் போற பொருளா? முப்பத்தெட்டு வருசம் கூட இருந்தவ. கேட்டுருக்கணும்."

பிறகு கொஞ்சம் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே குறைவு.

"இந்தச் சூடு எனக்கும் வந்துச்சு டீச்சர், பத்து வருசம் முன்னாடி. எந்திரிச்சுப் போயி பூண்டுக்காட்டுக்குள்ள நிப்பேன். இவரு என் கம்பளியவும் சேத்து இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குவாரு. அப்பவும் எதுவும் கேக்கல. இப்ப ஒடம்பு அடுப்பு மாதிரி இருக்கா, பக்கத்துல படுத்தா எனக்கு ஒத்தக் கம்பளியே போதுது. அண்ணன் தங்கச்சி மாதிரின்னு ஒங்ககிட்டயும் சொல்லியிருப்பாரு. கூறுகெட்ட மனுசன்."

இதில் எதையும் நான் அவரிடம் எடுத்துச் சொல்லவில்லை. மறுநாள் காலை தொட்டிக்கருகில் அவர் ஆவலாகப் பார்த்தபோது, "இதை நீங்கதான்ணே கேக்கணும். நான் கேட்டா அது கணக்குல வராது" என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. கம்பளியை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை நான் பழனிக்குப் போகவில்லை. பள்ளிக்கூட வேலை இருந்தது. மதியம் ஜன்னல் வழியாகப் பார்த்தால், மேட்டுக் காட்டில் அக்கா குனிந்து களையெடுத்துக்கொண்டிருந்தார். இவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். அக்கா நகர நகர இவரும் வரப்பிலேயே நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தார். பனி வந்து இருவரையும் மூடியது, விலகியது, மறுபடி மூடியது. ஒருமுறை விலகியபோது அக்கா நிமிர்ந்து நின்று கையை நீட்டி ஏதோ கோபமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் தலையைக் கவிழ்த்திருந்தார். அடுத்தமுறை விலகியபோது இரண்டு பேரும் வரப்பில் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். களைக்கொத்து தனியாகக் கிடந்தது. சாயந்திரம் வரைக்கும் அவர்கள் எழுந்திருக்கவில்லை.

"கேட்டாரு, சொன்னேன்" என்றார் அக்கா மறுநாள். அவ்வளவுதான். அவரோ இரண்டு நாள் யாரிடமும் எதுவும் கேட்காமல் திரிந்தார். ஊரில் அவருக்கு உடம்பு அதிகமாகிவிட்டது என்றே பேசிக்கொண்டார்கள்.

மூன்று வருடம் முடிந்து எனக்குப் பழனிப் பக்கம் மாற்றல் கிடைத்தது. நான் கிளம்பிய சில மாதத்தில் அவர் ரத்தத்தில் அந்த எண் ஏற ஆரம்பித்துவிட்டது. மாத்திரையை மாற்றினார்கள், மருந்து ஏற்றினார்கள். பிறகு முதுகெலும்பில் அழுத்தம் வந்து கால்கள் வலுவிழந்தன. மதுரையில் பத்து நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்ததில் வலி குறைந்தது, நடை திரும்பவில்லை. இதெல்லாம் அக்கா போனில் சொல்லித் தெரிந்தது. எட்டாவது போகத்துக்கு முன்னால் டாக்டரிடம் அவர் கேட்டாரா என்று நான் கேட்கவில்லை.

கோடை விடுமுறையில் போய்ப் பார்த்தேன். கொடைக்கானல் முழுக்க வெளியூர்க் கார்கள் நின்றன. பூம்பாறை தாண்டியதும் சத்தமெல்லாம் கழன்று விழுந்து, பழைய மௌனம் வந்துவிட்டது. அவரை முற்றத்தில் கட்டில் போட்டு வெயிலில் படுக்க வைத்திருந்தார்கள். ஆள் பாதியாகியிருந்தார். வலிக்குக் கொடுக்கிற மாத்திரையில் கண் சொருகி, தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் எங்கோ இருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டதும் முதல் கேள்வி, "சூடு நின்னுருச்சா டீச்சர்?"

"போன வருசமே நின்னுருச்சுண்ணே."

"எனக்கு நிக்கல" என்று புன்னகைத்தார்.

நான் கட்டிலருகே உட்கார்ந்தேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்து வந்த எதுவும் நினைவில் இல்லை. அப்பாவிடம் கேட்காமல் விட்டது ஒன்று இருந்தது. அதைக் கேட்டேன்.

"பயமா இருக்காண்ணே?"

அவர் முழுதாகக் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"வெள்ளனே முழிப்பு வர்றப்ப இருக்கு. யாரோ வாசல்ல நின்னு பேரச் சொல்லிக் கூப்புடுற மாதிரி. அப்பறம் வெயில் வந்துருது. இவ கஞ்சியோட வந்துர்றா. மறந்துபோகுது." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இத இதுவரைக்கும் யாரும் எங்கிட்ட கேக்கல டீச்சர். எல்லாம் சாப்டீங்களா, தூங்குனீங்களான்னுதான் கேக்குறாக."

அப்படியே தூங்கிப்போனார். ஏரிப்பக்கமிருந்து பனி ஏறி வந்தது. முதலில் மேட்டுக் காடு போனது, பிறகு பந்தல், பிறகு தண்ணீர்த் தொட்டி. அக்காவும் நானும் அவரை உள்ளே தூக்கிப் போகாமல், இன்னொரு கம்பளியையும் போர்த்தாமல், கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். அவர் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது.

பதினெட்டு நாள் கழித்து அக்காவிடமிருந்து போன் வந்தது. அழவில்லை. அவர் போன அன்று நடந்ததைச் சொன்னார்.

"வெள்ளனே கஞ்சி குடுத்தேன். ரெண்டு மடக்கு குடிச்சாரு. நீ குடிச்சியான்னாரு. குடிச்சேன்னு சொன்னேன். எங்க குடிச்சேன், என் சட்டியில ஊத்துனது ஊத்துனபடி முன்னாடியே கெடக்கு. அவரும் அதத்தான் பாக்குறாரு. பாத்துக்கிட்டே, சரின்னு தலைய ஆட்டுனாரு. அதுக்கப்பறம் ஒண்ணும் கேக்கல டீச்சர்."